நகல் கைக்கடிகாரத்தைத் திருத்தக் கொடுப்பதற்கு முன்

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வரும் உறவினர் மருமகனுக்கோ மைத்துனருக்கோ கொண்டுவந்து கொடுக்கும் கைக்கடிகாரங்களில் பல, முகப்பில் ரோலெக்ஸ் என்றும் ஒமேகா என்றும் எழுதப்பட்டிருந்தாலும், அந்த நிறுவனங்களின் வாசலைக்கூடக் காணாத நகல்கள். பேச்சில் நாம் இவற்றைக் கொப்பி வாட்ச் என்கிறோம். பற்றரியில் ஓடும் கொப்பி நின்றுபோனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பற்றரியை மாற்றிக்கொண்டு போய்விடலாம். சாவி கொடுத்தோ கையசைவினாலோ ஓடும் இயந்திரக் கடிகாரத்தை எப்போது, யாரிடம் கொடுப்பது என்பதை, முகப்பிலுள்ள பெயரை மறந்துவிட்டு, அதன் வயிற்றுக்குள் ஓடுகிற இயந்திரம் எது என்பதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

அதை அறிய மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் மெதுவோட்டக் காணொளியாக நொடிமுள்ளைப் படம்பிடித்து, ஒரு நொடிக்குள் அது எத்தனை சிறு தாவல்கள் தாவுகிறது என்று எண்ணுங்கள். பிறகு பக்கவாட்டில் திருகும் சாவியை நேரம் திருத்தும் நிலைக்கு வெளியே இழுத்து, நொடிமுள் நிற்கிறதா என்று பாருங்கள். நொடிக்கு ஆறு தாவல், அதாவது மணிக்கு 21,600 துடிப்பு, சாவியை இழுத்தாலும் முள் நிற்காமல் ஓடுகிறது என்றால், அது பெரும்பாலும் ஜப்பானின் மியோட்டா 8215 இயந்திரத்தைப் பார்த்துச் சீனாவில் செய்யப்படும் 2813 ஆக இருக்கும். அதே ஆறு தாவலோடு முள் நின்றால், செய்க்கோ குழுமம் பிறருக்கு விற்கும் என்எச்35 வகையாக இருக்கக்கூடும். எட்டுத் தாவல், 28,800 துடிப்பு, முள்ளும் நிற்கிறது என்றால், சுவிட்சர்லாந்தின் ஈட்டா 2824 இயந்திரத்தின் சீன நகல் என்று ஓரளவு நம்பலாம். கண்ணாடி முதுகு வழியாகத் தெரியும் ரோட்டரில், அதாவது கையசைவில் சுழன்று முறுக்கேற்றும் எடைத்தகட்டில், பொறித்த பெயரை நம்ப வேண்டாம். முகப்பில் பொய் எழுதியவர்கள் முதுகில் மட்டும் உண்மை எழுதப்போவதில்லை.

எப்போது கொடுப்பது என்பது இதிலிருந்தே பிறக்கிறது. அசல் இயந்திரக் கடிகாரங்களுக்கு நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுச் சேர்விஸ் என்ற பொதுக்கணக்கு உண்டு. அந்தக் கணக்கு 2824 நகலுக்குப் பொருந்தும். 2813க்குப் பொருந்தாது என்பது என் கருத்து. முழுதாகக் கழற்றிக் கழுவி எண்ணெய் இடும் கூலிக்கு, பல வேளைகளில் அதைவிடக் குறைவாகவே, புதிய 2813 இயந்திரமே கிடைத்துவிடும் என்பதால், நோய் தெரியும்வரை ஓடவிட்டு, தெரிந்த பிறகு இயந்திரத்தையே மாற்றுவது மேல். அவ்வாறு மாற்றும்போது முட்களின் துளை அளவும், திகதிச் சாளரத்தின் இடமும், சாவித்தண்டின் நீளமும் பொருந்த வேண்டும் என்பதால், அதே வகை இயந்திரத்தையே போடச் சொல்லுங்கள்.

நோயின் அடையாளங்கள் சில உண்டு. தினமும் இருபது நொடி முந்துவது 2813க்கு ஒரு குறையே அன்று. மாதக்கணக்காக அப்படியே ஓடியது திடீரென இரண்டு நிமிடம் பிந்தத் தொடங்குவதுதான் குறை. முழுதாகச் சாவி கொடுத்துக் கழற்றி வைத்தால் இவ்வகை இயந்திரங்கள் ஏறத்தாழ நாற்பது மணி நேரம் ஓட வேண்டும். இருபதில் நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கலாம், அழுக்கேறியிருக்கலாம். சாவி கொடுக்கையில் மணல் அரைபடுவது போன்ற உணர்வு இன்னோர் அடையாளம். ஆனால் கையை உதறும்போது ரோட்டர் உள்ளே விர்ரென்று சுழன்று ஒலிப்பதைக் கேட்டுப் பதறாதீர்கள். 2813 ஒரு பக்கச் சுழற்சியில் மட்டுமே முறுக்கேறும் அமைப்பு. மறுபக்கம் அது சும்மா சுழல்வது இயல்பு. அதுபோலவே ஒரே நாளில் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கினால், கைத்தொலைபேசி உறையின் காந்தமோ ஒலிபெருக்கியோ இயந்திரத்தைக் காந்தமேற்றியிருக்கக்கூடும். தொலைபேசியிலுள்ள திசைகாட்டிக்கு அருகே கடிகாரத்தைக் கொண்டுபோய் முள் வெகுவாக ஆடுகிறதா என்று பார்க்கலாம். காந்தம் நீக்குவது சில நொடி வேலை. அதற்கு முழுச் சேர்விஸ் கூலி கேட்பவரிடம் கொடுக்கத் தேவையில்லை.

மலைநாட்டில் வாழும் நமக்கு எண்ணெயைவிடப் பெரிய கவலை ஈரம். முகப்பில் 100 மீற்றர், 300 மீற்றர் என்று எழுதியிருந்தாலும், நகலின் மூடியிலும் சாவியிலும் உள்ள ரப்பர் வளையங்கள் அந்த வாக்கைக் காப்பாற்றும் என்று எண்ணி அதைக் கையில் கட்டிக்கொண்டே பீலியில் குளிப்பது கடிகாரத்தைக் கொல்வதற்குச் சமம். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்: கையில் கட்டிச் சூடேறிய கடிகாரத்தின் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு வைத்துச் சில நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது. அன்றே, அல்லது மறுநாளே, கடைக்குப் போக வேண்டும், ஏனெனில் துரு பிடித்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. ஈரம் இல்லாதவர்களும் ஆண்டுக்கொரு முறை ரப்பர் வளையங்களை மாற்றிக்கொள்வது நல்லது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தவர்கள் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பும், பெருமழையை ஒக்டோபர் முதல் சனவரி வரை பெறும் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் செப்ரெம்பரிலும் இதைச் செய்துகொள்ளலாம்.

இனி எங்கே என்ற கேள்வி. அந்தந்த நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையங்கள் நகலைத் தொடுவதில்லை. அங்கு கொண்டுபோய் அவமானப்பட வேண்டாம். ஊர்க்கடைகளில் பற்றரி, பட்டி, ஊசி, கண்ணாடி ஆகியவற்றோடு நிற்பவரே அதிகம். அவரிடம் பட்டியைக் குறைக்கக் கொடுக்கலாம், இயந்திரத்தைக் கொடுக்கக் கூடாது. என் சொந்தக் கடிகாரத்தின் மூடியை ஒரு கடையில் பேனாக்கத்தியால் நெம்பித் திறந்ததன் வடு இன்னும் அதன் முதுகில் இருக்கிறது. செய்க்கோ 5, சிற்றிசன், எச்எம்டி ஆகியவற்றைப் பல ஆண்டுகள் கழற்றி மாட்டிய கைகள் சில பெரிய நகரங்களில் இன்னும் இருக்கின்றன. முதலில் அத்தகையவரைத் தேடுங்கள். நுவரெலியா, பதுளை, நாவலப்பிட்டியில் கிடைக்காவிட்டால் கண்டி நகரமும், அங்கும் இயலாவிட்டால் கொழும்பு புறக்கோட்டையும் உண்டு. மாற்று இயந்திரம் வாங்குவதற்குப் புறக்கோட்டைப் பக்கம் போகவேண்டி வரலாம் என்பதால், கொழும்புக்கு வேறு வேலையாகப் போகும் நாளோடு இதையும் சேர்த்துக்கொண்டால் பயணச்செலவு மிஞ்சும்.

கடைக்காரரிடம் கேட்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, இயந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கழுவுவாரா, அல்லது அப்படியே பெற்றோலில் அலசி எடுத்து எண்ணெய் விடுவாரா என்பது. அலசுவேன் என்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், ஏனெனில் கரைந்த அழுக்கு அங்கேயே சக்கர அச்சுகளைத் தாங்கும் மாணிக்கக் கற்களின் துளைகளில் போய் அமரும். மற்றது, துடிப்பை அளக்கும் ரைம்கிராஃபர் கருவி இருக்கிறதா என்பது. அது உள்ளவர், முழுச் சாவியில் முகப்பை மேலே வைத்து அளக்கையில், இயந்திரத்தின் துடிப்புச் சக்கரம் இருபுறமும் ஆடும் ஊசலாட்டம் 270 பாகைக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டிக் கொடுப்பார். 220க்குக் கீழே நின்றால் வேலை முடியவில்லை என்று பொருள். அவ்வூசலாட்டத்தையும் தினப் பிழையையும் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுத்துகடிகார வசதியுள்ள நகல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவற்றின் இயந்திரம் ஈட்டா 7750இன் நகலாக இருந்தால் அதைத் திருத்தும் பொறுமையும் பாகங்களும் உள்ளவர் மிகச் சிலரே. அதிலும் நொடிமுள்ளை ஒன்பது மணி இடத்திலிருந்து ஆறு மணி இடத்துக்கு நகர்த்தக் கூடுதல் பற்சக்கரங்கள் செருகியவை எளிதில் மக்கர் செய்பவை. அப்படியொன்று கையில் இருந்தால், பொத்தான்களைத் தொடாமல் நேரம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுமாறுதான் நான் சொல்வேன்.

கொடுக்கும்போது இது கொப்பி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ளவர் மூடியைத் திறந்த கணத்திலேயே அறிந்துவிடுவார், மறைத்தால் கெடுவது உங்கள் முகம். நகலை அசல் என்று சொல்லி விற்பது வேறு விடயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் போலிக் குறியிட்ட பொருளை விற்பது குற்றம் என்பதால், திருத்திய பின் அதை விற்கும் எண்ணத்தோடு செலவழிக்க வேண்டாம். மூடி திறந்ததும் உள்ளிருப்பதைப் படமெடுத்துக்கொண்டு, இயந்திரம் மாற்றப்பட்டால் பழையதைத் திரும்பக் கேளுங்கள். அதிலுள்ள சாவித்தண்டும் ரோட்டரும் பின்னர் உதவும்.

திரும்பி வந்த கடிகாரத்தை முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். நுவரெலியாவின் சனவரிக் குளிரில் இரவு சன்னலோரம் வைத்த கடிகாரம் கையில் கட்டியதிலிருந்து சில நொடிகள் மாறி ஓடக்கூடும் என்பதால், ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் திகதியைச் சாவியால் மாற்றாதீர்கள். அந்நேரத்தில் திகதிப் பற்சக்கரம் ஏற்கெனவே பிடித்திருக்கும், வலிந்து திருகினால் பல் உடையும், அதைக் கடைக்காரர் தலையில் சுமத்தவும் முடியாது. ஏழாம் நாளும் பிழை ஒரே அளவாக இருந்தால், மூடியைத் திறந்து சீர்படுத்தும் நெம்பை ஒரு மயிரளவு நகர்த்தினாலே போதும். அதைக் கடைக்காரரையே செய்து தரச் சொல்லுங்கள்.