எதன்மேல் விழுக்காடு? தோட்டப்புறத்தில் அன்றாடம் நடக்கும் கணக்குத் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். வருடம் தவறாமல் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "டீச்சர், இதெல்லாம் வெளியில எதுக்கு உதவும்?" அப்போது வகுப்பை நிறுத்திவிட்டு எல்லாரையும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குக் கூட்டிப் போவேன். ஒரு மரத்தடியில் நின்று சுற்றிப் பார்க்கச் சொல்வேன். ஆறு மரங்கள், ஆறும் ஒரே தூரத்தில். கன்று வைத்தவர்கள் முக்கோணத்தில் வைத்திருக்கிறார்கள். ஒன்பது மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டருக்கு 123 மரம்தான் நிற்கும். அதே ஒன்பது மீட்டரைச் சமபக்க முக்கோணமாக வைத்தால் ஏறக்குறைய 143 நிற்கும். எந்த மரத்துக்கும் நெருக்கடி கூடவில்லை, ஆனாலும் இருபது மரம் அதிகம். நம் தாத்தா பாட்டி கயிறு பிடித்து, குச்சி ஊன்றிச் செய்த வேலையில் இருந்த கணிதம் அது.

கணக்கு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் எல்லாம் அதன் பிள்ளைகள்.

நம் ஆட்களுக்குக் கூட்டல் கழித்தலில் எந்தக் குறையும் இல்லை. ஒட்டுக்கடை அக்கா ஆறு பேர் பசியாறிய கணக்கைத் தாளே இல்லாமல் சொல்லிவிடுவார். காசு வேறு இடத்தில் கைநழுவுகிறது. யாராவது "இத்தனை விழுக்காடு" என்று சொன்னதும், "எதன்மேல்?" என்று நாம் திருப்பிக் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. மூத்த மகனுக்கு மோட்டார் வாங்கப் போனபோது, கடையில் "வருஷத்துக்குப் பத்து விழுக்காடுதான்" என்றார்கள். கடன் 6,000 வெள்ளி (ரிங்கிட்), மூன்று வருடம். வட்டி 1,800, மொத்தம் 7,800, மாதம் 217 வெள்ளி அளவில் தவணை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரவு உட்கார்ந்து பார்த்தபோதுதான் மனம் அடித்துக்கொண்டது. மாதாமாதம் 50 வெள்ளி வட்டி, அது 6,000 வெள்ளிமேல் போட்ட வட்டி. ஆனால் முதல் தவணை கட்டிய அன்றே அந்த 6,000 முழுசாக என்னிடம் இல்லை. பதினெட்டாம் மாதம் பாதி முதல் திரும்பிப் போயிருக்கும். கடைசி மாதத்தில் நான் தர வேண்டிய முதல் 167 வெள்ளிதான், அதற்கும் அதே 50 வெள்ளி வட்டி. மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக என் கையில் இருந்தது வாங்கிய கடனில் பாதிக்குச் சற்று மேல். அப்படியானால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 18 விழுக்காடு.

ஃப்ளாட் ரேட் என்று சொல்லப்படும் வட்டியெல்லாம் இப்படித்தான். காதில் விழும் எண்ணை இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்தால் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். இது தெரியாமல் இரண்டு கடன்களை ஒப்பிடுவது பெரிய தவறு. ஒரு இடத்தில் ஃப்ளாட் 10 விழுக்காடு, இன்னொரு இடத்தில் குறைந்துவரும் நிலுவைமேல் 14 விழுக்காடு என்றால், பத்துதானே சின்னது என்று போய்விடுவோம். ஆனால் அதே 6,000 வெள்ளிக்கு, அந்தப் பதினாலில் மாதத் தவணை 205 வெள்ளி. பதினொரு வெள்ளிக்கு மேல் மிச்சம்.

இதில் இன்னொரு குழி உண்டு. இரண்டு வருடம் கட்டியாச்சு, போனஸ் காசு வந்திருக்கிறது, மிச்சத்தை ஒரேயடியாக அடைத்தால் மூன்றில் ஒரு பங்கு வட்டி, அதாவது 600 வெள்ளி கழியும் என்று நினைப்பார்கள். தவணையில் வாங்கும் பொருளுக்கான 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் நடந்த கணக்கு வேறு. முதல் மாதத்துக்கு 36 பங்கு, அடுத்ததற்கு 35, கடைசி மாதத்துக்கு 1 என்று வட்டியைப் பிரிப்பார்கள். மொத்தம் 666 பங்கு. கடைசி வருடத்துக்கு மிஞ்சுவது 78 பங்குதான், அதாவது 211 வெள்ளி. அடைப்பதற்கு முன்னால், "இன்றைக்கு அடைத்தால் எவ்வளவு கழியும்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் "மாசம் பத்து" என்று வாங்குவது இதைவிடக் கொடுமை. 1951ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டப்படி, அடமானம் வைத்த கடனுக்கு வருடம் 12 விழுக்காடு, வைக்காத கடனுக்கு 18 விழுக்காடுதான் உச்சம். மாதம் பத்தைப் பன்னிரண்டால் பெருக்கி 120 என்று கணக்குப் போடுவதும் தவறு. கட்டாமல் விட்ட வட்டிமேலும் வட்டி ஏறும். 1,000 வெள்ளி ஒரே வருடத்தில் 2,200 ஆகாது, 3,138 ஆகும்.

சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலையில் எண்ணெய் விகிதம், அதாவது குலை எடையில் எண்ணெயாகக் கிடைக்கும் பங்கு, 20 விழுக்காட்டிலிருந்து 19 ஆகிவிட்டது என்றால், "ஒரு விழுக்காடுதானே போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். குலைக்குக் கிடைக்கும் காசு அந்த விகிதத்தை வைத்துத்தான் கணக்காகிறது. ஒரு விழுக்காட்டு விலை டன்னுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இருபதுக்கு 800 வெள்ளி, பத்தொன்பதுக்கு 760. உங்கள் வருமானத்தில் போனது ஒன்று இல்லை, ஐந்து விழுக்காடு. பத்து டன் அனுப்பினால் 400 வெள்ளி. காயாக வெட்டிய குலையும், பொறுக்காமல் விட்ட உதிரிப் பழமும் இந்தக் கணக்கில்தான் வந்து விழுகின்றன. நன்றாகப் பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம். அப்புறம், உர மூட்டையில் ஹெக்டருக்கு என்று போட்டிருப்பதை ஏக்கருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஹெக்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்.

தீபாவளி மலிவு விற்பனையில் "50 விழுக்காடு கழிவு, அதற்கு மேல் 20" என்று போட்டிருந்தால் அது 70 இல்லை, 60. இரண்டாவது கழிவு மிச்சமிருக்கும் பாதி விலையின்மேல்தான்.

இனி நம்பர் எடுக்கும் விஷயம், அதாவது நான்கு இலக்க எண்மேல் காசு கட்டும் குலுக்கு. இதை எழுதினால் சிலர் கோபப்படுவார்கள், இருந்தாலும் எழுத வேண்டும். விபத்தில் சிக்கிய காரின் எண், கனவில் வந்த எண், செத்துப்போன மாமா வீட்டு எண் என்று எடுக்கிறோம். "இந்த நம்பர் ரொம்ப நாளா விழல, இந்த வாரம் விழுந்தே தீரும்" என்பதுதான் இதில் அதிகம் கேட்கும் பேச்சு. குலுக்கும் உருளைக்கு ஞாபகம் கிடையாது. போன வாரம் விழுந்த எண்ணும் பத்து வருடமாக விழாத எண்ணும் இன்றைக்கு அதற்கு ஒன்றுதான். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், முதல் பரிசு அதில் ஒன்றுக்கு. புதன், சனி, ஞாயிறு என்று வருடத்துக்கு 156 குலுக்கு. ஒரே எண்ணை விடாமல் எடுத்தாலும், முதல் பரிசு சராசரியாக 64 வருடத்துக்கு ஒரு முறைதான். அந்த 64 வருடமும் ஒரு தடவைகூட விழாமல் போகும் வாய்ப்பு 37 விழுக்காடு, அதாவது எட்டுப் பேரில் மூன்று பேர்.

வேறு விதமாகவும் பார்க்கலாம். ஒரே குலுக்கில் பத்தாயிரம் எண்ணையும் 'பிக்' பந்தயத்தில் (எல்லாப் பரிசுக்கும் சேர்த்துக் கட்டுவது) ஒரு வெள்ளி வீதம் வாங்கினால் செலவு 10,000 வெள்ளி. முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்துக்கு 180 வீதம், ஆறுதல் பரிசு பத்துக்கு 60 வீதம். கூட்டினால் 6,400. எல்லாப் பரிசும் நமக்கே விழுந்தாலும் 3,600 வெள்ளி நட்டம். எந்தக் கனவும் இந்தக் கூட்டலை மாற்றாது.

"பத்து வெள்ளிதானே, அதுல என்ன கோட்டையா கட்டப் போறோம்?" என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்தச் சுங்கை சிப்புட்காரர். 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய காசில்தான் தோட்டங்களையே வாங்கியது. வாரம் பத்து வெள்ளி என்பது வருடத்துக்கு 520. முப்பது வருடத்தில் 15,600. வருடம் 5 விழுக்காடு கிடைத்து அதுவும் அங்கேயே தங்கினால், ஏறக்குறைய 34,500.

ஊழியர் சேமநிதியில் பணத்தை எடுக்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். 2022இல் 10,000 வெள்ளி வரை எடுக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் எடுத்தவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். கைப்பேசி மாற்றுவதற்கு எடுத்தவர்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. 72ஐ லாப விழுக்காட்டால் வகுத்தால், பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். 6 விழுக்காடு என்றால் 12 வருடம். அப்போது 31 வயதில் எடுத்த 10,000, எடுக்காமல் இருந்திருந்தால் 43 வயதில் 20,000, 55 வயதில் 40,000.

நம்பிக்கை வரவில்லை என்றால் கைப்பேசியில் உள்ள கணிப்பானைத் திறந்து 1ஐ அடியுங்கள். அதை 1.06ஆல் இருபத்து நான்கு முறை பெருக்குங்கள். நாலுக்குச் சற்று மேலே வந்து நிற்கும்.