மூன்று கேமரா, ஒரு தாலி: மல்டிகேம் எடிட்டிங்கில் சறுக்கும் இடங்கள்

நான் முதன்முதலில் எடிட் செய்த மூன்று கேமரா கல்யாண வீடியோவில் தவில்காரர் கையை இறக்கிய பிறகுதான் சத்தம் வரும். எல்லா ஷாட்டிலும் இல்லை, மண்டபத்தின் கடைசியில் நின்ற வைட் கேமராவுக்கு மாறும்போது மட்டும். பெண்ணின் சித்தப்பா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, டப்பிங் படம் மாதிரி இருக்கு" என்றார். சாஃப்ட்வேர் சத்தத்தை வைத்துத்தான் மூன்றையும் சிங்க் செய்திருந்தது, அதாவது ஒரே நேரத்துக்குப் பொருத்தியிருந்தது. சத்தத்தின் அலைவடிவங்கள் அச்சு பிசகாமல் பொருந்தியிருந்தன. பிறகு எங்கே தவறு?

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேளக்காரர்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்குக்கு அந்தச் சத்தம் போய்ச்சேர 87 மில்லிநொடி ஆகிறது. படம் உடனே பதிவாகிவிடும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி, ஆக இரண்டு ஃபிரேமுக்குக் கொஞ்சம் மேல். சத்தத்தோடு சத்தத்தைப் பொருத்தினால் அந்தக் கேமராவின் படம் மட்டும் இரண்டு ஃபிரேம் முந்திக்கொள்ளும். மேடைப் பேச்சில் யாரும் கவனிக்க மாட்டார்கள், தவிலில் மாட்டிக்கொள்வோம். வைட் கேமரா கிளிப்பை இரண்டு ஃபிரேம் பின்னால் தள்ளினால் போதும். அலைவடிவம் பொருந்துவதோடு நிறுத்திவிடாமல், கோல் தோலில் படும் ஃபிரேமைக் கண்ணால் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

ஆட்டோ சிங்க்கை அப்படியே நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கெட்டிமேளம் போன்ற இடங்களில் ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும், மைக்கும் பிளந்துகொண்டிருக்கும். சாஃப்ட்வேர் ஒரு சுற்று தள்ளிப் பொருத்திவிட்டு எல்லாம் சரி என்று காட்டும். அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுப்பது ஃபோட்டோகிராஃபரின் ஃபிளாஷ். மாலை மாற்றும்போது அடிக்கும் ஃபிளாஷ் எல்லாக் கேமராவிலும் அந்த ஒரே ஃபிரேமில் வெளிச்சமாகத் தெரியும், சில கேமராக்களில் பாதி ஃபிரேம் மட்டும் வெளுத்திருக்கும். ஃபிளாஷ் மின்னுவது மிகச் சிறிய நேரம் என்பதால், ஒரு கேமராவின் ஷட்டர் மூடியிருந்த இடைவெளியில் அது விழுந்து பதிவாகாமலும் போகலாம். ஒன்றை மட்டும் நம்பாமல் நான்கைந்து ஃபிளாஷ் பாருங்கள். கேமராமேன்கள் ரெக்கார்டை ஆன் செய்ததும் யாராவது ஒருவர் நடுவில் நின்று ஒரு கைதட்டுத் தட்டிவிட்டால் இந்தப் பாடே இல்லை. ஆனால் முகூர்த்த அவசரத்தில் யார் தட்டுகிறார்கள்?

தொடக்கத்தில் சிங்க் சரியாக இருந்தால் கடைசி வரை சரியாக இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒவ்வொரு கேமராவின் உள் கடிகாரமும் துளி வேறுபடும். ஒரு மணி நேர ஓட்டத்தில் ஓரிரு ஃபிரேம் விலகுவது சாதாரணம். ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று இடத்திலாவது பார்த்துவிட்டுத்தான் நான் முதல் கட் போடுவேன். விலகல் ஓரிரு ஃபிரேமைத் தாண்டி நொடிக்கணக்கில் போனால் பெரும்பாலும் யாரோ மொபைலில் எடுத்த கிளிப்தான் காரணம். மொபைல்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்றபடி ஃபிரேம் ரேட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். அதை டைம்லைனில் போடுவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற ஒரு வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள். மற்ற கேமராக்கள் எல்லாம் 25-லேயே ஓடட்டும், ஷட்டர் நொடியில் 50-ல் ஒரு பங்கு இருக்கட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத ஷட்டரில் எடுத்தால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும்.

கார்டிலிருந்து காப்பி செய்யும்போது வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள், முழு ஃபோல்டரையும் அப்படியே எடுங்கள். நீளமான பதிவைச் சில கேமராக்கள் துண்டு துண்டாகச் சேமிக்கும். அவற்றை இடைவெளி இல்லாமல் ஒட்டத் தேவையான விவரம் அந்த ஃபோல்டர்களுக்குள் இருக்கலாம். பழைய மிரர்லெஸ் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடத்துக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் சுங்கம் போட்டார்கள், அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் வைத்த எல்லை அது. அங்கே போட வேண்டிய வரிக்கு இங்கே மாங்கல்ய தாரணம் பாதியில் நின்ற கதை நிறைய உண்டு. நின்று மறுபடி ஆரம்பித்த கிளிப்பைத் தனியாகத்தான் சிங்க் செய்ய வேண்டும், முந்தையதன் வாலில் ஒட்டிவிடக் கூடாது.

4கே ஃபுட்டேஜ் மூன்றை ஒரே நேரத்தில் ஓட்டினால் சுமாரான கம்ப்யூட்டர் திணறும். திக்கித் திக்கி ஓடும் படத்தைப் பார்த்துக் கட் போட்டால் அந்தக் கட்டும் திக்கும். எடிட்டிங்குக்கு மட்டும் லேசான நகல், அதாவது பிராக்ஸி, செய்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சத்தம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். கேமரா மாறும்போது ஆடியோவும் கூடவே மாறும் வசதி சாஃப்ட்வேரில் இருக்கிறது. அது ஆனாகி இருந்தால் நாதஸ்வரம் ஒரு ஷாட்டில் காதுக்குள் ஊதும், அடுத்த ஷாட்டில் கிணற்றுக்குள் ஊதும். ஐயர் பக்கத்தில் வைத்த ரெக்கார்டரோ, மிக்ஸரிலிருந்து வந்த ஃபைலோ, தெளிவாக உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு அதை முதலிலிருந்து கடைசி வரை வெட்டாமல் ஓட விடுங்கள்.

இனி கட்டிங். புதியவர்களின் டைம்லைனைத் திறந்தால் இரண்டு நொடிக்கு ஒரு கட் இருக்கும். மூன்று கேமராவுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், மூன்றையும் காட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். தாலி கட்டும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "கெட்டிமேளம்" என்று குரல் எழும்போது நான் வைட்டில் இருப்பேன். கைகள் எழுவதும் அட்சதை விழுவதும் அங்கேதான் தெரியும். மாப்பிள்ளையின் விரல் முதல் முடிச்சுக்கு வளையும்போது க்ளோஸ். அங்கிருந்து அசைய மாட்டேன். நாத்தனாரின் கை பின்னாலிருந்து வந்து அடுத்த முடிச்சை வாங்கிக்கொள்வது அதே ஷாட்டுக்குள் நடக்கும், அதை உடைத்தால் அந்தக் கை யாருடையது என்றே தெரியாமல் போகும். பிறகு பெண்ணின் அம்மா முகம். முக்கால் நிமிடத்துக்கு இந்த மூன்று ஷாட்தான். வலது கேமராவில் அப்போது என்ன இருந்தது? ஃபோட்டோகிராஃபர்களின் முதுகு.

படம் ஓடும்போது 1, 2, 3 எண்களைத் தட்டிக்கொண்டே கட் செய்வது வேகமான முறைதான், முதல் சுற்றுக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் கண் பார்த்து விரல் தட்டுவதற்குள் ஐந்தாறு ஃபிரேம் ஓடிவிடும். அதனால் எல்லாக் கட்டும் ஒரு சொட்டுத் தாமதமாக விழுந்திருக்கும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றையும் அசைவு தொடங்கும் இடத்துக்கு இழுத்து வைக்க வேண்டும். கேமரா பாதி திரும்பிக்கொண்டிருக்கும்போது அதற்குள் போகாதீர்கள், நிற்கட்டும்.

கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) வைத்திருப்பவர் மணவறைக்குப் பின்னால் போய்க் கூட்டத்தை எடுத்திருப்பார். அழகான ஷாட்தான். முன் கேமராவிலிருந்து நேராக அதற்குக் கட் செய்தால் மணமக்கள் இடம் மாறி உட்கார்ந்த மாதிரி தெரியும். நடுவில் ஹோமத் தீயோ குத்துவிளக்கோ ஒரு க்ளோஸ் போட்டுவிட்டுப் போங்கள்.

கலரை நிறைய பேர் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். நூறு கட் போட்ட பிறகு நூறு துண்டுக்கும் கலர் செய்வது தண்டனை. எல்லாக் கேமராவையும் சேர்த்துக் கட்டிய மல்டிகேம் கிளிப்பைத் திறந்து, உள்ளே ஒவ்வொரு ஆங்கிளுக்கும், அதாவது ஒவ்வொரு கேமராவுக்கும், ஒருமுறை செய்துவிட்டால் எல்லாக் கட்டுக்கும் அது வந்துவிடும். வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸில் எடுத்திருந்தால் அரக்குப் பட்டு ஒரு கேமராவில் அரக்காகவும் இன்னொன்றில் ஆரஞ்சாகவும் இருக்கும், அதே கேமராவில் நேரத்துக்கு நேரம் மாறவும் மாறும். முகத்தை முதலில் பொருத்துங்கள், சேலை பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

வேலை முடிந்தது என்று மல்டிகேமை ஃபிளாட்டன் செய்து (தேர்ந்தெடுத்த ஆங்கிள் மட்டும் உள்ள சாதாரண கிளிப்பாக்கி), வேண்டாத ஆங்கிள்களை அழித்து ஹார்டு டிஸ்க்கில் இடம் காலி செய்வதை வீட்டார் பார்த்துச் சரி சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள். அந்த முதல் கல்யாணத்திலேயே, இரண்டு மணி நேர வீடியோவில் பெரியப்பா ஒரு இடத்தில்கூட வரவில்லை என்று இரவு பத்து மணிக்கு ஃபோன் வந்தது. டைம்லைன் அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஆங்கிளாக மாற்றிப் பார்த்தேன். அதே கடைசி வரிசை வைட் கேமராவில், இடது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் நின்று அவர் அட்சதை தூவிக்கொண்டிருந்தார்.