பாரிஷ் பதிவேட்டில் பாதி மட்டும் தென்படும் மூதாதையர்

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேராத சபைகளைச் சார்ந்த மூதாதையரைத் தேடுவோர், பாரிஷ் (ஆங்கிலிக்கன் தேவாலய வட்டாரம்) ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காகத் திருமணப் பதிவேட்டையும் ஒதுக்கிவிடக் கூடாது. 1754 மார்ச் முதல் 1837 ஜூன் வரை, குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் நீங்கலாக ஏறத்தாழ எல்லோரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் மணந்தால்தான் திருமணம் செல்லும் என்று சட்டம் இருந்ததால், அவர்களின் மணப்பதிவு அங்கேதான் கிடைக்கும். சாட்சிகளின் பெயர்களையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்; அவர்கள் உறவினராகவோ அதே சபையினராகவோ இருக்கக்கூடும் (பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர் வந்தால், அது அனேகமாகத் தேவாலய எழுத்தருடையது). பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், இச்சபைகளின் பதிவேடுகள் அடங்கிய ஆர்ஜி 4 (RG 4) வரிசையைப் பார்க்க வேண்டும். பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்பதால், அவர்களிடம் பிறப்புக் குறிப்பையே தேடுங்கள்.