ஏ.எம்.எச். அறிக்கை மதிப்பெண் பட்டியல் அல்ல

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணின் ரத்தச் சோதனையில் ஏ.எம்.எச். 0.8 (மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்) என்று அறிக்கை வந்ததும் "முட்டையே தீர்ந்துவிட்டதாம்" என்று வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. சினைப்பையில் வளரத் தொடங்கியிருக்கும் சிறு நுண்பைகள் சுரக்கும் ஹார்மோன் அது. ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்காக ஊசிகள் போட்டால் ஏறக்குறைய எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று மருத்துவர் கணிக்க உதவும், அவ்வளவுதான். முட்டையின் தரம் அதில் தெரியாது.

தரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது வயது. வயது ஏற ஏற முட்டைகளில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது கூடுகிறது. கரு ஒட்டாமல் போவதற்கும் கலைவதற்கும் அது முக்கியக் காரணம். 42 வயதில் ஏ.எம்.எச். 4 இருப்பவருக்கு முட்டைகள் நிறையக் கிடைக்கலாம். குறையில்லாத கருவாகத் தேறுபவை சிலவே. 31 வயதில் 0.8 இருப்பவருக்குக் கிடைப்பவை குறைவு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு அதிகம். எண் குறைந்து பயப்படுபவர்களைவிட, எண் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வருடம் தள்ளிப்போடுபவர்களை நினைத்தே எனக்குக் கவலை.

இயற்கையாகக் கருத்தரிப்பதை இந்தச் சோதனையால் கணிப்பதும் தவறு. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத, 30 முதல் 44 வயதுள்ள 750 பெண்களைக் கவனித்தது. ஏ.எம்.எச். 0.7க்குக் கீழே இருந்தவர்களும் ஓராண்டுக்குள் மற்றவர்களைப் போலவே கருவுற்றார்கள்.

அறிக்கையில் அலகைப் பார்க்காமல் பதறுபவர்களும் உண்டு. மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 7 பிகோமோல். ஓர் ஆய்வகத்தின் 7ஐ இன்னொன்றின் 1உடன் ஒப்பிட்டு அழுவதில் பயனில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஏ.எம்.எச். குறைத்துக் காட்டும், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச்., முட்டை இருப்பு குறையும்போது கூடும்; அந்தச் சோதனையை மாதவிலக்கின் 2 முதல் 4ஆம் நாளுக்குள், எஸ்ட்ரடியால் எனும் பெண் ஹார்மோனின் சோதனையோடு சேர்த்து எடுக்க வேண்டும். எஸ்ட்ரடியால் கூடியிருந்தால் அது எஃப்.எஸ்.எச்.ஐ அமுக்கி, இல்லாத நலத்தைக் காட்டிவிடும்.

கணவரின் விந்துப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது தனிக் கதை. அதை முதல் வாரமே முடித்துவிடலாம்.

"சட்டமே 50 வயது வரை சிகிச்சைக்கு அனுமதிக்கிறதே" என்பது இன்னொரு ஆறுதல். செயற்கைக் கருத்தரிப்பு முறைகளுக்கான 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பெண்களுக்கு அப்படித்தான் வரம்பு வைத்திருக்கிறது. முட்டை தானம் செய்பவருக்கு அதே சட்டம் வைத்திருக்கும் உச்ச வயது 35.