மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது: நகர்ப்புற சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோய்ப் பராமரிப்பு

சென்னை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை மாத்திரை இலவசம். வரிசையில் நின்று வாங்கிப் போகிறவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நிலையத்தில் பணிபுரிபவர்களே, முதலில் நோயாளிகள் பதிவேட்டைப் புரட்டுங்கள். மூன்று மாதமாக வராதவர்களைத் தனியே எழுதி, வீடு தேடிச் சென்று மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் அரசுத் திட்டத்தின் (2021-இல் தொடங்கியது) களப்பணியாளரிடம் கொடுங்கள். வேலைக்குப் போகிறவர்களை மாலையில்தான் பிடிக்க முடியும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் நம்பாதீர்கள். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு சோற்றைக் குறைத்துக்கொண்டு வருவது நம்மவர் சாமர்த்தியம்! எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலோருக்கு இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழே. தள்ளாத முதியவருக்குச் சற்றுத் தளர்த்தலாம். ரத்தசோகை இருந்தால் இந்த அளவும் பிசகும்.

செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் புண் இருக்கிறதா என்று விரலிடுக்கு வரை பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் மோனோஃபிலமென்ட்டை (தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழை) அது வளையும்வரை பாதத்தில் அழுத்தி, உணர்கிறாரா என்று கேளுங்கள். விழித்திரைப் பரிசோதனையும், சிறுநீரகத்தின் நிலையை அறிய சிறுநீர் அல்புமின், ரத்தக் கிரியேட்டினின் பரிசோதனைகளும் ஆண்டுக்கொருமுறை.

அதிகம் பிழை நடப்பது இன்சுலின் சிரிஞ்சில். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டுமுன் சிரிஞ்சைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் உறைந்த குப்பியைத் தூக்கிப் போடவேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், பயன்பாட்டில் உள்ள குப்பியை மூடிய டப்பாவில் போட்டு ஈரமண்பானைக்குள் வைக்கலாம்.