தீவுகளின் வழியே நெடும்பயணம்: பாதி வழியில் திட்டத்தை மாற்றுவோர் செய்யும் தவறுகள்

இந்தோனேசியாவைச் சொந்த வண்டியில் கடக்கக் கிளம்பும் புதியவர்கள் சுமத்ரா, ஜாவா, பாலி, லோம்போக், சும்பாவா, புளோரஸ், திமோர் என வரைபடத்தில் ஒரே கோடாக இழுத்திருப்பார்கள். நடுவே ஓரிடத்தில் பென்சிலால் ஒரு வளைவு போட்டு, 'நாள் இருந்தால் இதுவும்' என்று எழுதியிருப்பார்கள். அந்த வளைவைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நானும் அதைப் போட்டவன்தான்.

கடைசி நாளை எண்ணாமல் வழியை மாற்றுவது

வந்திறங்கும்போது பெறும் விசா 30 நாள்களுக்குச் செல்லும். ஒரு முறை மட்டும் இன்னொரு 30 நாள்கள் நீட்டிக்கலாம். திமோர் தீவில், கிழக்குத் திமோர் நாட்டுக்குள் நுழையும் மோத்தா ஆயின் எல்லைச்சாவடியில் 60ஆம் நாளுக்குள் வெளியேறுவது என் கணக்கு. சும்பாவாவின் சாப்பே துறைமுகத்தில், புளோரஸின் லாபுவான் பாஜோவுக்குப் போகும் கப்பலை விட்டுவிட்டு, சும்பா தீவின் வைக்கேலோவுக்குப் போகும் கப்பலில் வண்டியை ஏற்றினேன். சும்பாவைக் குறுக்கே கடந்து, வைங்காப்புவிலிருந்து புளோரஸின் எண்டேக்குக் கப்பல் ஏறினால் பழைய பாதையில் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணம்; சாலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிய நான், கப்பலுக்கு எத்தனை நாள் காத்திருக்க நேரும் என்று எண்ணவில்லை.

அது பிப்ரவரி மாதம். மேற்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான காலத்தில் அலை உயர்ந்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். வைங்காப்பு துறைமுகத்துப் பலகையில் கப்பலின் பெயருக்கு எதிரே 'துன்டா', அதாவது 'ஒத்திவைப்பு', என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. மறுநாள் அந்தச் சொல்லை அழிக்காமல் தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆறு நாள்கள் அப்படியே கழிந்தன. விமானத்தில் நான் மட்டும் வெளியேறியிருக்கலாம், ஆனால் கார்னேயில், அதாவது வண்டியைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவர உதவும் சுங்க ஆவணத்தில், பதிவான வண்டி வெளியேறும் முத்திரை இல்லாமல் அங்கேயே நின்றிருக்கும். எல்லையைத் தொட்டபோது விசா முடிந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன; நாளொன்றுக்கு 10 லட்சம் ரூப்பியா வீதம் 30 லட்சம் அபராதம் கட்டினேன்.

ஆகவே வழியை மாற்றும் முன் வெளியேறும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மாற்றுவழியில் உள்ள ஒவ்வொரு கடல் கடப்புக்கும், அடுத்த கப்பல் வரும் வரை காத்திருக்கும் நாள்களைத் தனியாகக் கழியுங்கள். மிச்சம் பூச்சியமானால் வளைவை அழித்துவிடுங்கள். 'எப்படியாவது சமாளிக்கலாம்' என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் துறைமுகத்தில் ஆறு நாள்கள் உட்கார்ந்தவர்கள் அல்லர்.

நியெபியை மறப்பது

பாலியின் சக ஆண்டுப் புத்தாண்டான நியெபி அன்று விமான நிலையமும் துறைமுகங்களும் ஒரு நாள் முழுக்க மூடப்படும், தெருவில் இறங்கவும் முடியாது. பெரும்பாலும் மார்ச்சில் வரும் நாள் என்பதால், தாமதமாகிப் பாலிக்குத் திரும்புபவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துறைமுகத்தில் சீட்டு வாங்கலாம் என்று போவது

மேராக், கெத்தாப்பாங் போன்ற பெரிய துறைமுகங்களில் இணையவழிச் சீட்டுத்தான்.

கடிகாரம்

ஜாவாவிலிருந்து பாலிக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள்.