பிராவில் காய்ந்த கறை: பதறுவதற்கு முன் என்ன பார்க்கலாம்?

கர்ப்பம் இல்லை, பால்குடிக்கும் பிள்ளையும் இல்லை. ஆனால் துணி துவைக்கும்போது பார்த்தால் பிராவின் உள்பக்கம் மஞ்சளாக ஒரு வட்டம், தொட்டால் மொடமொடவென்று இருக்கிறது. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ராத்திரி முழுக்க போனில் தேடிக்கொண்டிருப்போம். மார்புக் காம்பிலிருந்து வரும் இந்தக் கசிவு பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது.

1. பிதுக்காதீர்கள். "இன்னும் வருதா?" என்று தினமும் குளிக்கும்போது அழுத்திப் பார்ப்போம். காம்பைத் தூண்டினாலே பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடும். பார்க்கப் பார்க்க வந்துகொண்டேதான் இருக்கும்.

2. உள்ளிருந்து வருகிறதா, மேலே படிந்ததா? காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் குட்டிக் குட்டிப் புடைப்புகள் இருக்குமே, அவை எண்ணெய்ப்பசை சுரப்பவை. அந்தப் பசையும் உதிர்ந்த தோலும் துணிப் பஞ்சும் சேர்ந்து காம்பின் மடிப்பில் வெள்ளைப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், சுரண்ட வேண்டாம். ஆனால் ஒரே காம்பில் மட்டும் படை மாதிரி தோல் உரிந்து, களிம்பு போட்டும் ஆறவில்லையென்றால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். பேஜட் நோய் என்ற ஒருவகைப் புற்றுநோய் இப்படித்தான் தொடங்கும்.

3. வெள்ளைத் துணி வையுங்கள். இந்தப் படிதான் முக்கியம். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியைச் சின்னதாக வெட்டி இரண்டு பக்கமும் பிராவுக்குள் வைத்து, சில நாள் கவனியுங்கள். கறுப்பாகத் தெரிந்து பயமுறுத்தும் கசிவு, வெள்ளையில் பட்டதும் கரும்பச்சை என்று தெரியவரும். பால்குழாய் விரிந்தால் அப்படி வரும்; ஆபத்தில்லை. இரண்டு பக்கமும், பல துளைகளிலிருந்து, அழுத்தினால் மட்டும் வந்தால் பெரும்பாலும் பயமில்லை. தானாகவே, ஒரே பக்கம், ஒரே துளையிலிருந்து, ரத்தமாகவோ தண்ணீர்போலத் தெளிவாகவோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள். கட்டி தட்டுப்பட்டாலும் அப்படித்தான். ரத்தமாகக் கசிந்தாலும் காரணம் பால்குழாய்க்குள் வளரும், புற்றுநோயல்லாத சாதாரணச் சதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

4. பால்போல வந்தால். முதலில் கர்ப்பப் பரிசோதனை, "எனக்கு வாய்ப்பே இல்லை" என்பவர்களும். பால் நிறுத்தி ஓரிரு வருஷம்கூடச் சொட்டு சொட்டாக வரலாம். அடுத்து மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கேஸ் தொல்லைக்கென்று மெடிக்கலில் நாமே வாங்கிப் போடும் மாத்திரை பலவற்றில் டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும். அது புரோலாக்டினை ஏற்றும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளும் ஏற்றும், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. தைராய்டு குறைவாலும் பால் கசியும். மாதவிடாய் தள்ளிப்போவது, தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. யாரிடம் போவது? மகப்பேறு டாக்டர் பார்ப்பார். அரசு மருத்துவமனையில் மார்பகப் பிரச்சினையை அறுவை சிகிச்சைப் பிரிவில் பார்ப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், போனதுமே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்கலாம். தேவைக்கேற்ப ஸ்கேன், மேமோகிராம், தைராய்டு, புரோலாக்டின் எழுதுவார்கள்.

புரோலாக்டினுக்கு ரத்தம் கொடுக்கத் தூங்கி எழுந்த கையோடு ஓடாதீர்கள், அப்போது அளவு ஏறியே இருக்கும். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போங்கள். கறை பட்ட அந்த வெள்ளைத் துணியைப் போனில் படம் பிடித்து, எந்தப் பக்கம் என்று எழுதி வைத்திருந்தால், டாக்டர் முன்னால் வாய் வராதபோது அதை நீட்டிவிடலாம்.